அட்டை வளைந்தால் பின்பக்கமும் காகிதம் ஒட்டுங்கள்

வணக்கம்ங்க. அட்டையில் செய்தித்தாள் ஒட்டி அக்ரிலிக் வண்ணம் பூசியதும் அட்டை வளைந்துவிட்டது, நடுவில் ஒட்டிய இங்க்ஜெட் பிரிண்டர் படமும் கரைந்தது என்று கேட்டிருந்தீர்கள்.

பசை ஈரத்தில் விரிகிற காகிதம், காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கமும் அதேபோல் காகிதம் ஒட்டினால் இழுப்பு சமமாகும். வளைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள், பாவம், அவ்வளவு உழைத்திருக்கிறீர்கள்! முன்பக்கம் நன்றாகக் காய்ந்ததும் பின்பக்கத்தை லேசாக நனைத்து, ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து காகிதம் ஒட்டுங்கள். மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

படத்துக்கு லேசர் பிரிண்டோ ஜெராக்ஸோ எடுங்கள். அவற்றில் உள்ள டோனர் என்கிற மைத்தூள் சூட்டில் உருகிப் பிடித்தது, தண்ணீருக்குக் கரையாது.

ஆயில் பேஸ்டல் (எண்ணெய்ப் பசையுள்ள வண்ணக்குச்சி) பயன்படுத்தினால், அதை மட்டும் கடைசியில் தீட்டுங்கள். அதன்மேல் அக்ரிலிக் ஒட்டாது.