கேஷும் காசும்

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நைஸ் என்ற சொல்லுக்கு ஒருகாலத்தில் ‘முட்டாள்’ என்று பொருளாமே? நிக்னேமில் வரும் ‘நிக்’ யார்? இதையெல்லாம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? கேஷ் நம் காசிலிருந்து வந்தது என்று சொன்னதும் வகுப்பே கைதட்டியது.
— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பாடப்புத்தகத்தைத் தாண்டிச் சொல்லின் பூர்வீகம் தேடும் ஆசிரியை வாய்த்த பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். நைஸ் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. லத்தீனில் ‘அறியாத’ என்று பொருள்படும் நெஸ்கியுஸ், பிரெஞ்சு வழியாக வந்தது. நிக் என்று ஆள் யாரும் இல்லை. ‘ஈக்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் கூடுதல். ஈக்னேம் என்பது கூடுதல் பெயர். முன்னால் நின்ற ‘ஆன்’ (an) தன் கடைசி மெய்யை இதற்குக் கொடுத்துவிட்டது.

அந்தக் கைதட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஓசை ஒத்துப்போனால் போதுமா, டீச்சர்? கடன் சொல் என்று சொல்வதற்கு முன் ஆண்டைப் பார்க்க வேண்டாமா? 1598இல் ஜான் ஃபுளோரியோ வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதி, பெட்டியைக் குறிக்கும் ‘காஸ்ஸா’வுக்கு வணிகரின் கேஷ் என்று பொருள் தருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி பட்டயம் பெற்றதே 1600இல்தான். மதராஸில் இடம் பிடித்தது 1639இல். அடுத்து பொருளைப் பாருங்கள். அன்றைய கேஷ் பணப்பெட்டியையும் குறித்தது. பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. கேஷியர் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர். நம் காசு என்றைக்காவது பெட்டியைக் குறித்ததுண்டா?

ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் இருக்கிறது. எழுத்து அதே, பிறப்பு வேறு. நல்ல அகராதிகளில் அதற்குத் தனிப் பதிவு உண்டு. நம் காசைப் போர்ச்சுகீசியர் ‘கைஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர். ‘ச’ ‘ஷ’ ஆனதும், இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று கலந்ததும் அந்த வாயில்தான். மதராஸில் 80 கேஷ் ஒரு ‘பணம்’ (அது அன்று ஒரு சிறு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுதான். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசையும் ஐரோப்பியர் கேஷ் என்றே அழைத்தார்கள். நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சீனர் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. அது தமிழ்க் காசு.

1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பர்மிங்காமின் சோஹோ ஆலையில் மதராஸுக்காக அச்சடித்த 1808ஆம் ஆண்டுச் செப்புக்காசுகள் அதில் இருந்தன. ரோமன் எண்ணில் பத்து, இருபது; கூடவே கேஷ் என்ற சொல். அந்தக் காசின் படத்தைக் காட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கைதட்டச் சொல்லுங்கள்.