கீயை மாற்ற முன்னர்: எலக்ட்ரிக் கிட்டார் கேள்வி-பதில்

கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கினால் எனக்கு வரும் கடிதமும் கூடிவிடும். பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: சுருதி நிற்குதில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சேர், நல்ல எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று சொல்லுங்கள். (கல்முனை)

கடிதம் முழுவதும் இவ்வளவுதான். கையில் எவ்வளவு காசு, வீட்டில் பழகவா மேடையில் வாசிக்கவா, ஆம்ப் இருக்கிறதா இல்லையா, ஒன்றுமே இல்லை. தம்பி, அடுத்த முறை இந்த மூன்றையும் எழுதுங்கள். அப்போதுதான் உங்களுக்கென்று ஒன்றைச் சொல்ல முடியும்.

இப்போதைக்குப் பொதுப் பதில்: ஸ்கொயர் டெலிகாஸ்டர். ஸ்கொயர் என்பது ஃபெண்டர் கிட்டார் கம்பனியின் சொந்த மலிவு வரிசை, 1982இலிருந்து வருகிறது. டெலிகாஸ்டரில் பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் உட்காரும் பகுதி) உடலோடு இறுகி நிற்கும், ஆடாது. யமஹா பசிஃபிகாவும் நல்ல சாமான்தான், ஆனால் பெரும்பாலும் கைப்பிடியால் ஆட்டும் பிரிட்ஜோடு வரும். முதல் கிட்டார் வாங்குகிறவருக்கு ஆட்டும் பிரிட்ஜ் வேண்டாம். இதை ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

காசு முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்: இரண்டு செட் கம்பி, தலைப்பகுதியில் கவ்வும் ஒரு கிளிப் டியூனர், கிட்டாரைச் சரிப்படுத்தும் செட்டப் கூலி.

கிட்டார், ஆம்ப், பை, கேபிள் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் மலிவாக இணையத்தில் வருகிறது. பிராண்ட் பெயர் கேள்விப்பட்டதில்லை. எடுக்கலாமா? (களுவாஞ்சிக்குடி)

வேண்டாம். அதே காசுக்குப் பாவித்த யமஹாவோ எபிபோனோ தேடுங்கள், நேரில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தி வாசித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அகூஸ்டிக் கம்பியை எலக்ட்ரிக்கில் போடலாமா? (திருக்கோவில்)

கூடாது. வெண்கலச் சுற்றை பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) காந்தம் சரியாகப் பிடிக்காது, தடித்த கம்பிகளின் சத்தம் அமுங்கிவிடும்.

பாவித்த எபிபோன் லெஸ் பால் வாங்கினேன். ஜி கம்பி இரண்டு பாட்டுக்குள் இறங்கிவிடுகிறது. கடையில் கீ செட்டை (தலைப்பகுதியில் கம்பியை முறுக்கும் திருகாணிகள்) மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். அப்படியேதான் இருக்கிறது. என்ன செய்வது ஐயா? (அக்கரைப்பற்று)

கீயை மாற்ற முன்னர் எழுதியிருந்தால் அந்தக் காசு உங்கள் கையில் இருந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. சுருதி நிற்கவில்லை என்று யார் போனாலும் கடையில் முதல் பதில் "கீ சரியில்லை". வாசிக்கிறவரும் நம்பிவிடுகிறார். பிறகு தலைப்பகுதியில் துளையைப் பெருப்பித்து, நல்ல மரத்தையும் கெடுத்து, புதுக் கீயோடு பழைய பிரச்சினையையே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

கீயின் உள்ளே இருப்பது ஒரு திருகும் ஒரு சின்னப் பல்சக்கரமும். பல கீக்களில் நீங்கள் 14 சுற்று சுற்றினால் கம்பியைச் சுற்றிய தூண் ஒரு சுற்றுச் சுற்றும். திருகு சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் திருகைத் திருப்பித் தள்ளாது. அதனால் கம்பி எவ்வளவு இழுத்தாலும் கீ தானாகப் பின்னால் சுழலாது. மலிவான கீயில் கொஞ்சம் தளர்வு இருக்கும், உண்மைதான். கீழேயிருந்து மேலே ஏற்றிச் சுருதி சேர்த்தால் அந்தத் தளர்வும் பாதிக்காது. கூடிப்போனால் ஒரு சுரம் அளவு இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். மேலேயிருந்து இறக்கி நிறுத்தாதீர்கள்.

பிறகு எங்கே பிழை? முதலில் நட், அதாவது நெக்கின் (கழுத்தின்) தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் வெட்டுள்ள துண்டு. கீயை மெதுவாகத் திருகும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டு, சுருதி திடீரென்று ஏறுகிறதா? அப்படியென்றால் கம்பி நட்டின் வெட்டில் இறுகியிருக்கிறது. நீங்கள் ஏற்றும்போது நட்டுக்கும் கீக்கும் இடைப்பட்ட துண்டு மட்டும் இறுகும், வாசிக்கும் பக்கம் அசையாது. நீங்கள் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு பெண்ட் இழுத்தவுடன் வெட்டுக்குள் கம்பி வழுக்கி, இரண்டு பக்கமும் புதிதாகச் சமன்படும். அந்த வழுக்கலைத்தான் நீங்கள் கீயின் பிழை என்று நினைக்கிறீர்கள். லெஸ் பால் வடிவத்தில் இது இன்னும் மோசம். தலை பின்னால் சாய்ந்திருக்கும், நடுவிலுள்ள டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்து கீக்குப் போகும். உரசல் அங்கேதான் கூட. உங்கள் ஜி ஏன் மற்றவற்றுக்கு முதல் இறங்குகிறது என்று இப்போது விளங்கும்.

ஜி கம்பியைக் கழற்றி, 2பி பென்சிலின் கரியை வெட்டில் நன்றாகத் தேய்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பெரும்பாலும் இதிலேயே குறையும். குறையாவிட்டால் வெட்டு ஒடுக்கம். 9 செட்டுக்கு (மிக மெல்லிய கம்பியின் தடிப்பு 0.009 அங்குலம்) வெட்டிய நட்டில் 10 செட் போட்டிருப்பீர்கள். அதற்கென்று உள்ள அரத்தால் அகலிக்க வேண்டும், சாதாரண ஊசி அரத்தால் வேண்டாம்.

அடுத்தது கம்பி சுற்றிய விதம். தூணில் இரண்டு, மூன்று சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி இறங்க வேண்டும். ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி வைத்தால் அது இறுகி முடிய நாளாகும். புதுக் கம்பியை 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேரே மெல்லத் தூக்கி இழுத்து, திரும்பச் சுருதி சேர்த்து, இறங்காமல் நிற்கும்வரை இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை. சிலர் ஈ கோர்ட்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்து, காதுக்கு இனிக்கும்வரை ஜியை இறக்குவார்கள். ஃப்ரெட் போட்ட வாத்தியத்தில் மேஜர் மூன்றாம் சுரம் (ஈ கோர்ட்டில் ஜி கம்பி தருவது) இயற்கைச் சுருதியை விட 14 சென்ட் அளவு கூடத்தான் நிற்கும்; சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு. ஈ கோர்ட்டுக்கு இறக்கினால் ஜி கோர்ட்டும் சி கோர்ட்டும் கசக்கும். கோர்ட்டை வைத்துச் சுருதி சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பியையும் தனியாக, டியூனரைப் பார்த்து, கீழேயிருந்து மேலே.

ஃபோன் டியூனர் போதுமா? (ஏறாவூர்)

அமைதியான அறையில் போதும். ஏ சுரம் 440 ஹேர்ட்ஸில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கோயில் திருவிழா மேடையில் உதவாது, அங்கே கிளிப் டியூனர்தான்.

ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு கம்பியைச் சரிசெய்தால் மற்ற ஐந்தும் குழம்புகின்றன. (ஆரையம்பதி)

ஆட்டும் பிரிட்ஜ். வாங்க முன்னர் கேட்டிருக்கலாம். 10 செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து 45 கிலோ அளவில் முன்னால் இழுக்கும், பின்னாலுள்ள ஸ்பிரிங்குகள் அதற்கு எதிராக இழுக்கும். ஒரு கம்பி ஏறினால் பிரிட்ஜ் சற்று முன்னால் சாயும், மற்றவை இறங்கும். பிரிட்ஜை ஆட்டும் கைப்பிடியைப் பாவிப்பதில்லை என்றால் பின்மூடியைக் கழற்றுங்கள், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்குரூவையும் மாறி மாறி இறுக்கி, பிரிட்ஜ் உடலில் தட்டையாகப் படிய விடுங்கள். மூன்று ஸ்பிரிங் போதாவிட்டால் ஐந்து. பிறகு கம்பியின் உயரமும் இன்டொனேஷனும் (மேல் ஃப்ரெட்களிலும் சுருதி சரியாக நிற்பது) பார்க்க வேண்டும்.

ஜாஸ்மாஸ்டர் வடிவில் ஸ்கொயர் ஒன்று கிடைத்தது, பார்க்க ஆசையாக இருந்தது. பலமாக அடித்தால் ஈ கம்பி பிரிட்ஜிலிருந்து குதிக்கிறது. (வாழைச்சேனை)

ஆசை நியாயமானது, எனக்கும் பிடித்த வடிவம். 1958இல் ஃபெண்டர் ஜாஸ் வாசிப்பவர்களை நினைத்து, தடித்த கம்பிக்குச் செய்த பிரிட்ஜ் அது. அவர்கள் பெரிதாக எடுக்கவில்லை. பின்னாளில் இந்த வடிவங்கள் பாவித்த சந்தையில் மலிவாகக் கிடந்ததால்தான் ராக் இளைஞர்களின் கைக்கு வந்தன. நிர்வானா குழுவின் கர்ட் கோபேன் ஃபெண்டரின் ஜாகுவாரும் முஸ்டாங்கும் வாசித்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

9 செட் போட்டால் குதிக்கத்தான் செய்யும். 11 போடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் நெக்கைக் கழற்றி, அது பொருந்தும் குழியின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் அரை மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு துண்டு வைத்து, பிரிட்ஜை உயர்த்துங்கள். கம்பி பிரிட்ஜில் அழுந்தி உட்காரும். முஸ்டாங் வகை சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) போட்டால் இன்னும் நல்லது.

மகனுக்குப் பத்து வயது. கை சின்னது. (மட்டக்களப்பு)

முஸ்டாங் வடிவம் பாருங்கள். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 24 அங்குலம், டெலிகாஸ்டரில் 25.5. ஆனால் நீளம் குறைந்தால் கம்பி தளரும், பிள்ளை பலமாக அழுத்தினாலே சுருதி ஏறும். 10க்குக் குறைந்த கம்பி போடாதீர்கள்.

ஆம்ப் இரைகிறது, கம்பியைத் தொட்டால் குறைகிறது. (காத்தான்குடி)

சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் இது வழமை. கம்பியைத் தொட்டால் குறைவது கிட்டாரின் உள் எர்த் வயர் சரி என்பதற்கு அடையாளம். ஆம்ப்பிலிருந்து இரண்டடி தள்ளி, திரும்பி நின்று பாருங்கள். ஆனால் மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்தால் வாசிப்பதை உடனே நிறுத்துங்கள். அது மண்டபத்திலோ ஆம்ப்பிலோ உள்ள எர்த் பிழை. 230 வோல்ட், விளையாட்டல்ல. பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

தேவாலயத்தில் வாசிக்கிறேன். வீட்டில் சுருதி சேர்த்துக் கொண்டுபோனால் ஏசி மண்டபத்தில் ஏறிவிடுகிறது. கச்சானில் ஃப்ரெட் ஓரமும் கையைக் கீறுகிறது. கம்பியும் ஒரு மாதத்தில் துருப்பிடிக்கிறது. (கல்லடி)

தங்கச்சி கேட்ட மூன்றும் சரியான கேள்விகள். குளிரில் உருக்கு சுருங்கும், சுருதி ஏறும். வெயிலிலும் மேடை விளக்கிலும் மறுபுறமாக இறங்கும். ஆராதனைக்கு அரை மணி முன்னர் பெட்டியைத் திறந்து வையுங்கள், அதற்குப் பிறகு டியூன் செய்யுங்கள்.

கச்சான் காற்றில் ஃப்ரெட்போர்ட் மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது. அதனால்தான் ஓரம் வெளியே நீட்டுகிறது. அரம் போடுவதென்றால் இந்தக் காலத்திலேயே போடுங்கள். மாரியில் மரம் ஊறியிருக்கும்போது போட்டால் அடுத்த கச்சானில் திரும்ப நீட்டும். பருவம் மாறும்போது நெக்கும் கொஞ்சம் அசையும். ட்ரஸ் ராடை (நெக்குக்குள் உள்ள, அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) தொடுவதானால் சரியான அளவு அலன் கீயால், ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.

துருவுக்குக் காரணம் உங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் மேலிலும் சேர்த்துப் பருத்தித் துணியால் துடையுங்கள், பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், இரண்டு சிலிக்கா ஜெல் பை போடுங்கள். துரு தொட்ட கம்பியை வைத்துக்கொண்டு சுருதியைத் தேடாதீர்கள். மெல்லிய ஈ கம்பியும் பி கம்பியும் முதலில் துருப்பிடிக்கும், ஆனால் மாற்றும்போது செட்டாகவே மாற்றுங்கள்.