டிஃபிடென்ட்: கேள்வியும் பதிலும்

கடலூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த வாரம் 'டிஃபிடென்ட்' (diffident) என்ற ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில்கள் இதோ.

நெல்லிக்குப்பம் மாணவி: டிஃபிடென்ட் என்றால் தாழ்வு மனப்பான்மை உள்ளவரா?

இல்லை அம்மா. 'நான் மட்டம்' என்று மனத்தில் ஊறிப்போன நினைப்பு தாழ்வு மனப்பான்மை. டிஃபிடென்ட் அவ்வளவு கனமான சொல் இல்லை. தன் திறமைமேல் நம்பிக்கை போதாமல் தயங்குகிறவர், முன்னால் வரக் கூசுகிறவர், அவ்வளவுதான். என் வகுப்பில் தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் இருந்தான். கேள்வி கேட்டதும் அவன் கை தோள் வரை வரும். நான் அந்தப் பக்கம் திரும்பினால் அதே கையால் தலையைச் சொறிந்துகொள்வான். நோட்டில் விடை சரியாக இருக்கும். அவன் டிஃபிடென்ட்.

எழுதும்போது 'அபவுட்' சேருங்கள்: 'ஷி இஸ் டிஃபிடென்ட் அபவுட் ஹெர் இங்கிலீஷ்'. இன்னொன்று, மொபைலில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருளைப் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள்.

பண்ருட்டி: டிஃபரென்ட்டுக்கு உறவா?

இல்லை. வேர் வேறு.

விருத்தாசலம்: உச்சரிப்பு?

முதல் அசையில் அழுத்தம்: டிஃ-பிடென்ட்.

முத்தியால்பேட்டை: என் தாத்தா பிரெஞ்சு படித்தவர். 'தெஃபியான்ஸ்' என்றால் அவநம்பிக்கை என்பார். ஆங்கில 'டிஃபையன்ஸ்' எதிர்த்து நிற்பது. எது சரி?

இரண்டும் சரி ஐயா. நம்புதல் என்ற பொருளுள்ள 'ஃபீதெரே' என்ற லத்தீன் சொல்தான் எல்லாவற்றுக்கும் அடி. கான்ஃபிடென்ஸ், டிஃபிடென்ஸ், நம் ஊர் நோட்டரி கையெழுத்துப் போடும் அஃபிடவிட், எல்லாம் ஒரே குடும்பம். கொடுத்த விசுவாசத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அறிவிப்பதிலிருந்து வந்தது டிஃபையன்ஸ். உங்கள் தாத்தா சொன்ன பொருள் ஒரு காலத்தில் ஆங்கில டிஃபிடென்ஸுக்கும் இருந்தது. 1651-இல் தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர், மனிதர்கள் சண்டையிட மூன்று காரணங்கள் சொன்னார்: போட்டி, டிஃபிடென்ஸ், புகழ். அங்கே அது பிறர்மேல் அவநம்பிக்கை. பின்னால்தான் அந்தச் சந்தேகம் தன்மேலேயே திரும்பியது.

அரியாங்குப்பம்: பிரெஞ்சு எதற்கு? குறளில் 'அவையஞ்சாமை' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. 'அவையச்சம்' என்று சொன்னால் போதுமே!

போதாது. 73-ஆம் அதிகாரம் சபைமுன் பேசுவதைப் பற்றியது. தனி அறையில் கவிதை எழுதி, அனுப்பத் தயங்கி மடித்து வைக்கிறவரும் டிஃபிடென்ட்தானே? அங்கே அவை ஏது?

மறுபடி அரியாங்குப்பம்: அப்போ 'தன்னம்பிக்கையின்மை'?

அகராதிக்குச் சரி. ஆனால் அதில் இல்லாமைதான் தெரிகிறது, கூச்சம் தெரியவில்லை. கதையை மொழிபெயர்த்தால் நான் 'தயக்கம்' என்றே போடுவேன். இதில் உங்களோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடத் தயார்.

சிதம்பரம்: இன்டர்வியூவில் அடக்கமாக 'ஐ ஆம் டிஃபிடென்ட்' எனலாமா?

வேண்டவே வேண்டாம். அடக்கத்துக்கு 'மாடஸ்ட்' இருக்கிறது. ஒரே பொருளை மனப்பாடம் செய்தால் இப்படித்தான் ஆகும்.

திருப்பாதிரிப்புலியூர்: எப்படி உச்சரிப்பது?

மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை: அந்தப் பையனை என்ன செய்தீர்கள் சார்?

பெயர் சொல்லி எழுப்பவில்லை அம்மா. அவன் நோட்டை வாங்கி, யாருடையது என்று சொல்லாமல் விடையை வாசிப்பேன். அரையாண்டுப் பரீட்சைக்கு அப்புறம் ஒருநாள் உட்கார்ந்தபடியே விடை சொன்னான். எழுந்து சொல் என்று நான் சொல்லவில்லை.