அடம்பிடிக்கும் ஐகான்கள்: பழைய வீட்டுக் கணினியின் ஷார்ட்கட் சிக்கல்கள் (கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் விண்டோஸ் 7 இயங்கும் வீட்டுக் கணினிகளைப் பற்றியவை. வீட்டுப் பயனாளர்களுக்கான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்ட போதிலும், அந்தக் கணினிகள் இன்னும் பல வீடுகளில் கணக்கு எழுதவும் படம் பார்க்கவும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கீழே உள்ள எந்தச் சிக்கலாக இருந்தாலும், முதலில் ஐகான் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் உள்ள 'டார்கெட்' என்ற வரியைப் படித்துவிடுங்கள். ஷார்ட்கட் என்பது மென்பொருள் இருக்கும் இடத்தை எழுதி வைத்த சீட்டு மட்டுமே. எழுதியிருப்பது எந்த முகவரி என்று பார்க்காமல் நீக்குவதும் மீண்டும் நிறுவுவதும் வீண் வேலை.

கேள்வி: வீட்டில் எனக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி யூசர் கணக்குகள் உள்ளன. என் டெஸ்க்டாப்பில் இரண்டு ஐகான்களை நீக்க முயன்றால் மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கிறது. இது வைரஸா?

பதில்: இல்லை. நாம் காணும் டெஸ்க்டாப் ஒன்றுதான் என்றாலும், அது இரண்டு ஃபோல்டர்களில் உள்ளவற்றைச் சேர்த்துக் காட்டுகிறது. ஒன்று உங்கள் பெயரில் உள்ள டெஸ்க்டாப் ஃபோல்டர். மற்றொன்று, 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் 'பப்ளிக்' என்ற பெயரில் எல்லாருக்கும் பொதுவாக உள்ளது. நிறுவும்போது 'எல்லாப் பயனாளர்களுக்கும்' என்று தேர்ந்தெடுத்த மென்பொருள்களின் ஐகான்கள் பொது ஃபோல்டரில் போய் அமர்கின்றன. அதை நீக்கினால் பிள்ளைகளின் திரையிலிருந்தும் மறையும் என்பதால்தான் அனுமதி கேட்கப்படுகிறது.

ஸ்டார்ட் மெனுவிலும் இதே ஏற்பாடுதான். எப்போதோ நீக்கிவிட்ட மென்பொருளின் பெயர் மெனுவில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், 'ஆல் ப்ரோகிராம்ஸ்' மீது ரைட் கிளிக் செய்யுங்கள். 'ஓப்பன்' என்பது உங்கள் பங்கையும், 'ஓப்பன் ஆல் யூசர்ஸ்' என்பது பொதுப் பங்கையும் திறக்கும். ஒன்றில் இல்லையெனில் மற்றொன்றில் கட்டாயம் கிடைக்கும்.

கேள்வி: வெளியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் குடும்பப் படங்களை ஆண்டுவாரியாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்திருக்கிறேன். சில நாள்களுக்கு ஒருமுறை எல்லாம் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகின்றன. படங்கள் பத்திரமாக உள்ளன. (விண்டோஸ் 7)

பதில்: உங்கள் வீட்டில் யாரும் நீக்கவில்லை, விண்டோஸே நீக்குகிறது. விண்டோஸ் 7இல் வாரம் ஒருமுறை தானாக ஓடும் பராமரிப்பு வேலை ஒன்று உண்டு. டெஸ்க்டாப்பில் முகவரி தவறிய ஷார்ட்கட்டுகள் நான்குக்கு மேல் இருப்பதைக் கண்டால், அது அவை அனைத்தையும் அகற்றிவிடும். ஹார்ட் டிஸ்க் இணைக்கப்படாத நேரத்தில் அந்த வேலை ஓடினால், உங்கள் படங்களின் முகவரிகள் எல்லாமே தவறியவையாகத்தான் அதற்குத் தெரியும். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

என் வீட்டிலும் இது நடந்தது. காரணம் தெரியாமல், பள்ளிக்கூடம் படிக்கும் மருமகனைத் தேவையில்லாமல் கடிந்துகொண்டேன்.

எளிய வழி, டெஸ்க்டாப்பில் 'படங்கள்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அந்த ஷார்ட்கட்டுகளை அதற்குள் வைத்துவிடுவதாகும். பராமரிப்பு வேலை டெஸ்க்டாப்பின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். அந்த வேலையையே நிறுத்த விரும்பினால், கன்ட்ரோல் பேனலில் 'ட்ரபிள்ஷூட்டிங்' பகுதிக்குச் சென்று, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்பதில் 'கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ்' என்பதை 'ஆஃப்' செய்யலாம். நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன்.

இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு முன்பு 'இ' என்ற டிரைவ் எழுத்து கிடைத்து, வேறொரு பென் டிரைவ் செருகியிருந்த நாளில் 'எஃப்' என்று மாறியிருந்தால், ஷார்ட்கட்டுகள் வழி தவறலாம். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் அந்த டிஸ்க்குக்கு 'பி' அல்லது 'எக்ஸ்' போன்று எளிதில் போட்டி வராத எழுத்தைக் கொடுத்துவிட்டுப் புதிய ஷார்ட்கட்டுகளை உருவாக்குங்கள்.

கேள்வி: ஐகான்களை எல்லாம் நீக்கினால் பழைய கணினி வேகமாகுமா?

பதில்: ஆகாது. ஒரு ஷார்ட்கட்டின் அளவு பெரும்பாலும் ஓரிரண்டு கிலோபைட்தான். அணைத்து வைத்திருக்கும் வேறொரு கணினியைச் சுட்டும் நெட்வொர்க் ஷார்ட்கட் இருந்தால் மட்டும், விண்டோஸ் அதைத் தேடிக் காத்திருப்பதால் டெஸ்க்டாப் தோன்றத் தாமதமாகலாம். அதை நீக்குவதில் பலன் உண்டு.

கேள்வி: என் மகன் எதையோ கிளிக் செய்த பிறகு, எல்லா ஐகான்களும் நோட்பேட் ஐகானாக மாறிவிட்டன. எதைத் திறந்தாலும் நோட்பேடில் புரியாத எழுத்துகள் வருகின்றன.

பதில்: ஷார்ட்கட் கோப்புகளின் பெயருக்குப் பின்னால் எல்.என்.கே. என்ற மூன்றெழுத்து உண்டு. விண்டோஸ் அதை எப்போதும் மறைத்தே வைக்கும். 'ஓப்பன் வித்' என்பதில் நோட்பேடைத் தேர்ந்தெடுத்து, 'எப்போதும் இதையே பயன்படுத்து' என்ற கட்டத்திலும் டிக் இருந்ததால், எல்.என்.கே. கோப்புகள் எல்லாவற்றையும் நோட்பேடில் திறக்க வேண்டும் என்று விண்டோஸ் எடுத்துக்கொண்டது. நீங்கள் காணும் புரியாத எழுத்துகள் சீட்டின் உள்ளடக்கம்தான். முதல் எழுத்து மட்டும் எப்போதும் ஆங்கில 'எல்' ஆக இருப்பதைப் பாருங்கள். அது ஷார்ட்கட்டின் முகப்புப் பகுதி 76 பைட் நீளம் என்பதைக் குறிக்கும் எண். நோட்பேட் அதை எழுத்தாகப் படித்துவிடுகிறது.

விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் 'ரெஜ்எடிட்' என்று தட்டச்சு செய்து, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் 'ரெஜிஸ்ட்ரி'யைத் திருத்த உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறங்கள். இடப்பக்கம் 'கரண்ட் யூசர்' என்று முடியும் பிரிவில் தொடங்கி, சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஃபைல்எக்ஸ்ட்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே சென்றால் 'எல்.என்.கே.' என்ற கிளை இருக்கும். முதலில் 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து அந்தக் கிளைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதன் கீழ் உள்ள 'யூசர்சாய்ஸ்' என்பதை மட்டும் நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்குங்கள். ரெஜிஸ்ட்ரியில் வேறு எதையும் தொட வேண்டாம். கை வைக்கத் தயக்கமாக இருந்தால், வேறொரு யூசர் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால், மென்பொருள்களுக்கு எந்தக் கேடும் இல்லை, கோளாறு உங்கள் கணக்கின் அமைப்பில் மட்டுமே என்பது உறுதியாகும்.

கேள்வி: கடைக் கணக்கு எழுதும் பழைய மென்பொருளுக்கு டெஸ்க்டாப்பில் இரண்டு ஐகான்கள் உள்ளன. ஒன்றைத் திறந்தால் இந்த மாதக் கணக்கு வருகிறது. மற்றொன்றில் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்குதான் உள்ளது. டார்கெட் வரி இரண்டிலும் ஒன்றுதான்.

பதில்: இந்த வாரத்தின் மிக நல்ல கேள்வி இதுதான். டார்கெட்டை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்பதால் பாதி வேலை முடிந்தது.

டார்கெட்டுக்குக் கீழே 'ஸ்டார்ட் இன்' என்ற வரியைப் பாருங்கள். பல பழைய மென்பொருள்கள் தங்கள் தரவுக் கோப்புகளைத் தாம் இருக்கும் இடத்தில் தேடாமல், இந்த வரி காட்டும் ஃபோல்டரில் தேடும். மென்பொருளை 'சி' டிரைவிலிருந்து 'டி' டிரைவுக்கு மாற்றியபோது டார்கெட்டை மட்டும் திருத்தி இதை மறந்திருந்தால், அது பழைய ஃபோல்டருக்கே போய்ப் பழைய கணக்கைத் திறந்து காட்டும்.

இரண்டிலும் இந்த வரியும் ஒன்றாகவே இருந்தால், மென்பொருள் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்றும், ஓர் ஐகானில் மட்டும் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் 7க்கு முந்தைய பதிப்பான விஸ்டாவிலிருந்து, சாதாரண மென்பொருள்கள் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் எழுதுவதற்கு விண்டோஸ் அனுமதிப்பதில்லை. ஆனால் அதற்கு முந்தைய காலத்து மென்பொருள்கள் முறிந்துவிடக் கூடாது என்பதற்காக, அவை எழுதுவதைச் சத்தமில்லாமல் 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற வேறொரு ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறது. அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் இந்தத் திருப்பல் கிடையாது. ஆகவே ஒரே மென்பொருள், எந்த ஐகான் வழியாக நுழைகிறோம் என்பதைப் பொறுத்து, இரண்டு வேறு கணக்குப் புத்தகங்களைத் திறக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது, எந்த ஐகானையும் நீக்காமல், இரண்டு இடத்துத் தரவுக் கோப்புகளையும் தனித்தனியாக ஒரு பென் டிரைவில் பிரதி எடுப்பது. 'விர்ச்சுவல்ஸ்டோர்' உங்கள் யூசர் ஃபோல்டரில், மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா'வுக்குள் 'லோக்கல்' என்பதன் கீழ் இருக்கும். கோப்புகளின் தேதியைப் பார்த்தாலே எது புதியது என்று தெரிந்துவிடும். பிரதி எடுத்த பிறகு, மென்பொருளை 'டி' டிரைவில் சாதாரண ஃபோல்டர் ஒன்றில் நிறுவி, புதிய தரவை அங்கே வைத்து, ஒரே ஐகானுடன் தொடருங்கள். கணக்காளரும் நீங்களும் ஆளுக்கொரு ஐகானைப் பயன்படுத்தி வந்திருந்தால், இரண்டு கோப்புகளிலும் வேறு வேறு பதிவுகள் இருக்கக்கூடும்; அதைச் சேர்த்து எழுதுவதற்குக் குறுக்குவழி ஏதுமில்லை.

கேள்வி: ஆஃபீஸ் தொகுப்பின் ஐகானைத் திறந்தால், நிறுவும் வேலை தொடங்கி சிடி கேட்கிறது. சிடி இப்போது இல்லை. டார்கெட் வரி மங்கலாக இருக்கிறது; திருத்த முடியவில்லை.

பதில்: மங்கலான டார்கெட்தான் துப்பு. இத்தகைய ஷார்ட்கட் மென்பொருளை நேராக அழைக்காமல், விண்டோஸ் இன்ஸ்டாலர் வழியாக அழைக்கிறது. இன்ஸ்டாலர் எல்லாப் பாகங்களும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, ஏதேனும் ஒன்று குறைந்தால் மூலச் சிடியைத் தேடுகிறது. 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் ஆஃபீஸ் இருக்கும் இடத்தைத் திறந்து, வேர்டின் இ.எக்ஸ்.இ. கோப்பை ரைட் கிளிக் செய்து, 'சென்ட் டு' வழியாக டெஸ்க்டாப்புக்குப் புதிய ஷார்ட்கட் அனுப்புங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துவிட்டு வந்த பிறகு, பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன.

பதில்: இது வைரஸ்தான். எதையும் இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். டார்கெட்டைப் படித்தால், ஃபோல்டரின் பெயருக்குப் பதில் கமாண்ட் ப்ராம்ப்ட்டையோ ஏதேனும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பையோ அழைக்கும் நீண்ட வரி இருக்கும். உங்கள் கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டுள்ளன. முதலில் கணினியையும் பென் டிரைவையும் ஆன்டிவைரஸ் மூலம் சோதித்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' பகுதியின் 'வியூ'வில், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி தேர்ந்தெடுத்து, 'ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் எதிரே உள்ள டிக்கையும் எடுத்துவிடுங்கள். உண்மையான ஃபோல்டர்கள் மங்கலாகத் தோன்றும். சில வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் திணித்திருக்கும். உள்ளே உள்ள உங்கள் ஆவணங்களை மட்டும் கணினியில் பிரதி எடுத்துவிட்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்வது நல்லது.

கேள்வி: கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகியவற்றை அழுத்தினால் தொலைபேசிப் பட்டியல் திறக்கும்படி ஷார்ட்கட் கீ வைத்திருந்தேன். சில நாள்களாக வேலை செய்யவில்லை.

பதில்: அண்மையில் டெஸ்க்டாப்பை ஒழுங்குபடுத்தினீர்களா? ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால் மட்டுமே அந்த விசைகள் செயல்படும். 'டி' டிரைவில் ஏதேனும் ஃபோல்டருக்கு நகர்த்தியிருந்தால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. நகர்த்தவில்லையென்றால், புதிதாக நிறுவிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ வேறு ஏதேனுமோ அதே விசைகளைத் தனக்கென எடுத்துக்கொண்டிருக்கலாம். அதைச் சற்று நேரம் மூடிவிட்டு அழுத்திப் பாருங்கள். திறந்தால், ப்ராப்பர்ட்டீஸில் வேறோர் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள்.