வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு மனு கொடுக்கலாமா?

சாட்ஸ்வர்த்தில் (டர்பன் நகரின் ஒரு பகுதி) தையற்கூடம் நடத்தும் நீங்கள் கேட்கிறீர்கள்: துணிக்கு வரி குறைக்கும் ஒப்பந்தத்தில் அமைச்சர் கையெழுத்திட்டுவிட்டார், வாக்கெடுப்பு பற்றிச் செய்தியே இல்லை, இனி நாடாளுமன்றத்திடம் மனு கொடுக்கலாமா? கொடுக்கலாம். அமைச்சர் கையெழுத்திட்டதாலேயே ஒப்பந்தம் தென்னாப்பிரிக்காவைக் கட்டுப்படுத்திவிடாது. அரசமைப்பின் 231ஆம் பிரிவுப்படி பேச்சுவார்த்தையும் கையெழுத்தும் அரசின் வேலை. ஒப்புதல் தருவது நாடாளுமன்றத்தின் இரு அவைகளும். ஆப்பிரிக்கக் கண்டச் சுதந்திர வணிக ஒப்பந்தத்தில் நாம் 2018 ஜூலையில் கையெழுத்திட்டோம், ஏற்புறுதி (நாடு முறைப்படி ஏற்பது) 2019இல்தான் முடிந்தது.

"வாக்கெடுப்பு பற்றிச் செய்தியே இல்லை" என்கிறீர்களே, அதற்கு ஒரு காரணம் இருக்கலாம். தொழில்நுட்ப, நிர்வாக வகை ஒப்பந்தங்களுக்கு வாக்கெடுப்பு தேவையில்லை. அவையில் தாக்கல் செய்தாலே போதும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நாடாளுமன்றத் தளத்தில் வெளியாகும் தாக்கல் அறிவிப்புகளில் உங்கள் ஒப்பந்தத்தைத் தேடுங்கள். 231(2) என்றிருந்தால் ஒப்புதல் வேண்டும், 231(3) என்றால் தகவலுக்கு மட்டும். முதல் வகையென்றால் தாமதிக்காமல் நாடாளுமன்றத்தின் வணிகம், தொழில், போட்டித் துறைக் குழுவின் செயலாளருக்கு எழுதுங்கள். சாட்ஸ்வர்த்தில் உங்கள் தையற்கூடத்தில் எத்தனை பேர், எந்தத் துணிக்கு வரி குறைகிறது, அதனால் எத்தனை வேலை போகும் என்று எண்ணோடு சொல்லுங்கள். பொத்தாம்பொதுவான எதிர்ப்பு அங்கே எடுபடாது.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: நாடாளுமன்றம் ஒப்பந்தத்தின் ஒரு வரியைக்கூடத் தானாகத் திருத்த முடியாது. ஏற்கலாம், மறுக்கலாம், அவ்வளவுதான். சுங்கவரியோ தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தின் ஐந்து நாடுகளுக்கும் பொதுவானது, நாம் தனியாக மாற்ற முடியாது. அதனால் அடுத்த பேச்சுவார்த்தை தொடங்கும்போதே குழுவிடம் போய்விடுங்கள்.