இன்சாஸ் ரைஃபிள் சுடும்போது நடுவில் நிற்பது ஏன்?

கேள்வி: சேலத்தில் கல்லூரியில் படிக்கிறேன், என்.சி.சி.யில் இருக்கிறேன். பயிற்சி முகாமில் இன்சாஸ் (இந்திய ராணுவத்தின் 5.56 மி.மீ.) ரைஃபிளில் சுட்டபோது இரண்டு தடவை நடுவில் நின்றுவிட்டது. ஒருவர் எண்ணெய் போதவில்லை என்றார், இன்னொருவர் கேஸ் போதவில்லை என்றார். எது சரி? அடுத்த முகாம் ஏற்காட்டில். அங்கே பனியில் ரைஃபிளை எப்படிப் பராமரிப்பது? இன்சாஸுக்குப் பதிலான புது ரைஃபிள் ஏ.கே.-203 வந்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதா?

பதில்: எது காரணம் என்பதை ரைஃபிள் நின்ற நிலையே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் எண்ணெய் விடுவதால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

முதலில் அது வேலை செய்யும் விதம். ரவுண்டு (தோட்டா) வெடித்ததும் குண்டைத் தள்ளும் வாயுவில் (கேஸ்) ஒரு பங்கு, பேரலில் (குழலில்) உள்ள சிறு துளை வழியாக மேலே உள்ள கேஸ் சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைப் பின்னுக்கு அடிக்கிறது. இன்சாஸில் பிஸ்டனும், பேரலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் தாங்கிய கேரியரும் ஒன்றாகவே நகரும். கேரியர் பின்வாங்கும்போது போல்ட் திரும்பிப் பூட்டு திறக்கிறது, எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி காலித் தோட்டாக்கூட்டை இழுத்து வெளியே எறிகிறது, அடுத்த ரவுண்டை வெடிக்க வைக்கும் ஹேமர் மடங்கிக்கொள்கிறது. பிறகு ஸ்பிரிங் கேரியரை முன்னே தள்ள, மேகசினின் (தோட்டாப் பெட்டி) அடுத்த ரவுண்டு சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் ரவுண்டு உட்காரும் அறை) போகிறது. நிமிடத்துக்கு 600-க்கு மேற்பட்ட ரவுண்டு சுடும் வேகத்தில் இவ்வளவும் நடக்கிறது. எங்காவது வேகம் குறைந்தால் அங்கேயே நிற்கும்.

காலிக்கூடு வெளியே போகாமல் பக்கவாட்டுத் திறப்பில் சிக்கியிருந்தால் கேரியர் முழுதாகப் பின்னால் போகவில்லை என்று பொருள். கேஸ் போதாதபோதும், பிஸ்டனில் கரி ஏறியிருந்தாலும், சேம்பர் அழுக்காகிக் கூட்டை விடாதபோதும் இப்படி ஆகும். நிற்பதற்கு முன்பு விழுந்த கூடுகளையும் பாருங்கள். வழக்கமாகத் தள்ளிப் போய் விழுபவை காலடியிலேயே விழ ஆரம்பித்திருந்தால், கேஸ் குறைகிறது என்று சந்தேகப்படலாம். இன்சாஸில் கேஸ் அளவைக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டர் உண்டு. கிரனேடு ஏவுவதற்காக கேஸை அடியோடு அடைக்கவும் வழி உண்டு. ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால் காக் பண்ண (கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து விட) வேண்டியிருந்தால், அது அடைத்த நிலையிலேயே விடப்பட்டிருக்கிறதா என்று பயிற்றுநரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகத் திருப்ப வேண்டாம். கேஸ் அதிகமானால் உதைப்பு கூடும், பாகங்கள் சீக்கிரம் தேயும்.

போல்ட் முழுதாக மூடாமல் நின்றிருந்தால், புதிதாகப் பழகுபவர்களிடம் பெரும்பாலும் கைதான் காரணம். காக் பண்ணும்போது கைப்பிடியைப் பிடித்தபடியே மெதுவாக முன்னே கொண்டுபோகிறார்கள். ஸ்பிரிங்கின் முழு வேகமும் கிடைத்தால்தான் போல்ட் பூட்டிக்கொள்ளும். கடைசி வரை இழுத்துச் சட்டென்று விட்டுவிடுங்கள்.

இரண்டு ரவுண்டு சேர்ந்து நுழைந்திருந்தால் மேகசினைச் சந்தேகியுங்கள். 20 ரவுண்டு பிடிக்கும் அந்த உள்ளே தெரியும் பிளாஸ்டிக் மேகசினின் மேல் விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். 1999 கார்கில் போரின்போது குளிரில் மேகசின்கள் விரிசல் விட்டதாகப் புகார் எழுந்தது இந்த ரைஃபிளில்தான். மேகசினுக்கு ஓர் அடையாளம் போட்டுவையுங்கள். வேறு ரைஃபிளிலும் அதே மேகசின் நின்றால் குற்றம் ரைஃபிளில் இல்லை.

'டக்' என்று சத்தம் மட்டும் கேட்டு வெடிக்காமல் போனால் முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள். பேரல் டார்கெட்டை நோக்கியே இருக்கட்டும், கையைத் தூக்கிப் பயிற்றுநரை அழையுங்கள். ரவுண்டு தாமதித்து வெடிக்கவும் கூடும்.

இனி எண்ணெய். ஓமலூர் பக்கத்துச் செம்மண்ணும் மலையடிவாரத்து மேக்னசைட் தூசும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டால் உப்புத்தாள் போல உலோகத்தைத் தேய்க்கும். போல்ட் உராயும் இடங்களிலும் கேரியர் ஓடும் தடத்திலும் விரலில் தொட்டால் மினுக்கும் அளவுக்குத் தடவினால் போதும், சொட்டக் கூடாது. பிஸ்டன், கேஸ் சிலிண்டர், சேம்பர், மேகசின் ஆகியவை சுடும்போது உலர்ந்திருக்க வேண்டும். பிஸ்டனில் விட்ட எண்ணெய் சூட்டில் கருகிக் கரியாகிவிடும். ரவுண்டு மேல் எண்ணெய் படவே கூடாது.

சுத்தம் செய்ய உட்காரும்போது முதலில் மேகசினைக் கழற்றுங்கள், அதன் பிறகே காக் பண்ணி சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வரிசை மாறினால் மேகசினிலிருந்து ஒரு ரவுண்டு சேம்பருக்குள் ஏறிவிடும், காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். புல்-த்ரூவை (துணி கோத்த துடைப்புக் கயிறு) சேம்பர் பக்கமிருந்து குண்டு வெளியேறும் முனைப் பக்கமாக ஒரே இழுப்பில் இழுங்கள். நடுவில் நிறுத்தினால் துணி சிக்கும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தூசைவிட ஈரம்தான் எதிரி. பனிமூட்டத்தில் குளிர்ந்த ரைஃபிளை ஆட்கள் நிறைந்த வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் உலோகத்தின் மேல் நீர் முத்து முத்தாகக் கோக்கும், பேரலுக்குள்ளும்கூட. அதன் மேல் எண்ணெய் தடவினால் ஈரம் அடியில் தங்கித் துருவாகும். ரைஃபிள் அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு மெல்லத் தடவுங்கள். சுட்ட அன்று மட்டும் போதாது. கரி ஈரத்தை இழுப்பதால் அடுத்த 2, 3 நாளும் பேரலைத் துடையுங்கள். சுடும் நாள் காலையில் பேரலுக்குள் இருக்கும் எண்ணெயை முழுக்க எடுத்துவிட வேண்டும். எண்ணெயோ நீரோ தங்கினால் முதல் குண்டு குறி தவறும், பேரலுக்குள் அழுத்தமும் எகிறும்.

ஏ.கே.-203-இல் தொல்லை குறையும், அடியோடு போகாது. அதன் 7.62×39 மி.மீ. ரவுண்டின் கூடு முன்பக்கம் குறுகிக்கொண்டே போவதால் சேம்பரை விட்டு எளிதில் கழன்றுவிடும். மேகசின் வளைந்திருப்பதும் அதனால்தான். ஏ.கே. குடும்பத்தில் கேஸும் தாராளம், அதனால் ஓரளவு அழுக்கு இருந்தாலும் கேரியர் ஓடிவிடும். ஆனால் பாதகமும் உண்டு. இன்சாஸின் 5.56 மி.மீ. குண்டு சுமார் 4 கிராம், வினாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகம். 7.62 குண்டு சுமார் 8 கிராம், வேகம் 715 மீட்டர். அடி பலமாக விழும், ஆனால் 300 மீட்டருக்குள்ளேயே அதிகம் தாழ்ந்துவிடும். உதைப்பும் கூடுதல். விளிம்பு நசுங்கிய மேகசினும் நனைந்த பேரலும் அதையும் நிறுத்தும்.