கொஹ்ட்

அன்புள்ள ஐயா,
ரோட்டர்டாமில் வேலை. குடியுரிமைத் தேர்வுக்காக டச்சு படிக்கிறேன். 'கோப்பென்' (வாங்குதல்) என்ற வினைக்கு இறந்தகாலம் விதிப்படி 'கோப்தெ' என்று எழுதினேன். ஆசிரியை அடித்துவிட்டு 'கொஹ்ட்' என்று திருத்தினார். ஏன் என்றால், "ஒழுங்கற்ற வினை, மனப்பாடம் செய்யுங்கள்" என்கிறார். டச்சு, கெட்டுப்போன ஜெர்மன்தானே? எந்த ஆப் நல்லது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆப் எனக்குத் தெரியாது. கெட்டுப்போன ஜெர்மன் என்று இன்னொரு முறை எழுதினால் பதில் வராது. தங்கையைப் பார்த்து, அக்கா முகம் கெட்டுப்போய் இவள் ஆனாள் என்பீர்களா?

ஆனால் அந்தக் கொஹ்ட்! சில வருடங்களுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வாரம் இருந்தேன். ஓயாத மழை. ஹேரென்ஹ்ராஹ்ட், ப்ரின்ஸென்ஹ்ராஹ்ட் என்று தெருப்பலகைகளைப் படிக்கும்போதே தொண்டை காறியது. ஹ்ராஹ்ட் என்றால் வெட்டிய கால்வாய். தோண்டுவது ஹ்ராவென். நடுவில் இருந்த 'வ' எங்கே போயிற்று? பாலத்தில் நனைந்தபடி யோசித்துக்கொண்டு நின்றேன். மனைவி குடையோடு அறைக்குப் போய்விட்டாள்.

பழைய 'ஃப்ட்' டச்சுக்காரர் வாயில் 'ஹ்ட்' ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஆஃப்டர், டச்சில் ஆஹ்தெர். அங்கே சாஃப்ட், இங்கே ஸாஹ்ட். ஜெர்மானியருக்குக் காற்று லுஃப்ட், இவர்களுக்கு லுஹ்ட். பலம் அங்கே கிராஃப்ட், இங்கே க்ராஹ்ட். இப்போது உங்கள் வினை: கோப் என்பதோடு 'த' சேரும்போது ப், ஃப் ஆகும்; உயிர் குறுகிக் கொஃப்த; அப்புறம் கொஹ்ட். தம்பி, ஒழுங்காக நடந்த சொல் அதுதான். உங்கள் கோப்தெ நேற்றுப் பிறந்த குழந்தை. சோம்பேறிகள் 'ஒழுங்கற்றது' என்று பெயர் வைத்தால் நீங்களும் தலையாட்டுவதா? நில், நின்றான் ஆவதை மனப்பாடமா செய்தீர்கள்?

மூலம் லத்தீன். காவ்போ என்றால் சத்திரக்காரன், சில்லறை வியாபாரி. கோபன்ஹேகனின் முதல் பாதியும் அதே சொல்தான். டச்சில் வியாபாரி கோப்மன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் அது ஒரு பதவியே. ஒண்டர்கோப்மன், கோப்மன், ஓப்பர்கோப்மன் என்று ஏறிக்கொண்டே போகலாம். நம் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது 1613இல். ஆம்ஸ்டர்டாமின் அந்தக் கால்வாய் வளையத்தைத் தோண்டத் தொடங்கியதும் அதே வருடம்தான்.

சரி, தேர்வு. இக் கோப் (நான் வாங்குகிறேன்), யெய் கோப்ட் (நீ வாங்குகிறாய்). கேள்வியில் போல யெய் வினைக்குப் பின்னால் வந்தால் கோப் யெய், ட் விழுந்துவிடும். இக் கொஹ்ட் (நான் வாங்கினேன்), வெய் கொஹ்தென் (நாங்கள் வாங்கினோம்), இக் ஹெப் ஹெகொஹ்ட் (நான் வாங்கியிருக்கிறேன்). விற்பது ஃபெர்கோப்பென், அதுவும் இதே வழியில் ஃபெர்கொஹ்ட். ஆசிரியையிடம் இதையெல்லாம் சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள். மதிப்பெண் அவர் கையில்.